போன தீபாவளியும் மனஞ்சயாவின் 81 புள்ளிகளும்

2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் டென்னிஸ் நடந்தபோது நம் ஊர்ப் பேச்செல்லாம் கோவைப் பெண் மாயா ராஜேஸ்வரன் ரேவதியைப் பற்றித்தான். பதினைந்து வயதில் அரையிறுதி வரை போயிருந்தார். கொண்டாட வேண்டிய விஷயம்தான். அவரை அரையிறுதியில் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜில் டெய்க்மன், பிப்ரவரி 9 அன்று இறுதியாட்டத்திலும் 6-3, 6-4 என்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த இறுதியாட்டத்தில் தோற்றவர் தாய்லாந்தின் மனஞ்சயா சவாங்கேவ். அப்போது அவருக்கு வயது 22.

என் அண்ணன் மகன் மாலையில் ராக்கெட்டோடு திரிகிற பையன். முடிவுகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "சித்தப்பா, தோற்றுப்போனவருக்கு 81 புள்ளியாம். தோற்றால் எதற்குப் புள்ளி? அதுவும் அது என்ன 81? எண்பது என்று முழுதாகக் கொடுத்தால் ஆகாதா?"

நல்ல கேள்வி. "வளர்ந்து வரும் தாய்லாந்து வீராங்கனை" என்று எழுதுகிற செய்திகள் எல்லாமே அவருடைய தரவரிசை எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. படிப்பவர்களோ அந்த எண்ணைப் பரீட்சை ரேங்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 110-ஆவது இடம் என்றால் உலகத்தில் 109 பேர் அவரை விடத் திறமைசாலிகள் என்று பொருள் கொள்கிறார்கள். அடுத்த வாரம் அது 125 ஆனால் "ஆட்டம் போய்விட்டது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்த வாரம் அவர் ஆடவே இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

மளிகைக்கடைக் கணக்கு

ஒரு மளிகைக்கடைக்காரர் வித்தியாசமான பேரேடு ஒன்று வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் கடந்த 52 வார விற்பனை மட்டும்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் போன வார விற்பனையை எழுதுவார். அதே கையோடு, ஓராண்டுக்கு முந்தைய அதே வாரத்தின் விற்பனையை அடித்துவிடுவார். மிச்சமிருக்கும் 52 வாரத்தின் கூட்டுத்தொகைதான் அவர் கடையின் மதிப்பு. தெருவில் உள்ள எல்லாக் கடைகளின் கூட்டுத்தொகையையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் கிடைப்பது தரவரிசை.

இப்போது தீபாவளி வாரத்தை நினைத்துப் பாருங்கள். போன தீபாவளிக்கு எண்ணெயும் மாவும் சர்க்கரையுமாக ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தார். இந்தத் தீபாவளிக்கு எழுபதாயிரம்தான். எழுபதாயிரம் நல்ல வியாபாரம்தான். ஆனால் பேரேட்டில் ஒரு லட்சம் அடிபட்டு எழுபதாயிரம் ஏறுகிறது. கூட்டுத்தொகை முப்பதாயிரம் குறைந்துவிடும். கல்லா நிறைந்திருக்கும்போதே இடம் இறங்கும்.

மகளிர் டென்னிஸில் இந்தப் பேரேட்டை வைத்திருப்பது டபிள்யூடிஏ என்னும் மகளிர் டென்னிஸ் சங்கம். விற்பனைக்குப் பதிலாக அங்கே புள்ளிகள். ஒரு போட்டித் தொடரில் எந்தச் சுற்று வரை போனாரோ அதற்கேற்ற புள்ளி கணக்கில் ஏறும், 52 வாரம் இருக்கும், பிறகு கழியும். மனஞ்சயாவின் மும்பைப் புள்ளிகள் 81-ம் 2026 பிப்ரவரியில் கழிய வேண்டியவை. அந்த வாரத்தில் அவர் எங்கே ஆடினாலும், ஆடாமல் வீட்டில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் கழியும். இதைத்தான் டென்னிஸ்காரர்கள் "புள்ளிகளைக் காப்பது" என்கிறார்கள். போன ஆண்டு இதே நேரத்தில் சேர்த்ததற்கு ஈடாக இந்த ஆண்டும் சேர்ப்பது என்று பொருள். உண்மையில் பழைய புள்ளியை யாராலும் காக்க முடியாது, அது போய்விடும். அந்த இடத்தில் புதியதை வைக்க முடியும், அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஓராண்டில் எத்தனை தொடர் ஆடினாலும், ஒற்றையரில் அவற்றில் சிறந்த 18-தான் கணக்கு. முப்பது ஊருக்குப் போய் ஆடினால் பன்னிரண்டு ஊரின் முடிவு பேரேட்டுக்கே வராது. நிறைய ஆடுகிறவர் மேலே போய்விடுவார் என்பது பாதி உண்மைதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தரவரிசை எண் என்பது கடந்த 52 வாரங்களில் சிறந்த 18 தொடர்களின் கூட்டுத்தொகை எந்த இடத்தில் நிற்கிறது என்பது. இன்று யார் நன்றாக ஆடுகிறார் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை.

எந்தச் சந்தையில் எவ்வளவு

எல்லாச் சந்தையிலும் ஒரே விலை கிடையாது. பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில் சிறு போட்டிகள் அடிக்கடி நடக்கும். தாய்லாந்தின் இளம் பெண்கள் பெரும்பாலும் அங்கேதான் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்துகிற இந்தச் சிறு தொடர்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று பெயர். பெயரிலுள்ள எண்தான் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. இவ்வளவு தெளிவாகப் பெயர் வைக்க அவர்களுக்கு 2024 வரை ஆனது.

அதற்கு மேலே டபிள்யூடிஏ 125. மும்பையில் நடந்தது இந்த வகை. வென்றவருக்கு 125, இறுதியில் தோற்றவருக்கு 81, அரையிறுதியில் தோற்றவருக்கு 49, காலிறுதியில் 27. பையன் கேட்ட 81-க்கு விடை இதுதான்: ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். எண்பது, ஐம்பது என்று பத்தில் முடியும் எண்ணாக்கும் கவலை அவர்களுக்கு இல்லை. அதற்கும் மேலே 250, 500, 1000 என்ற தொடர்கள். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம்கள்: ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன். அங்கே பட்டத்துக்கு 2000 புள்ளி.

ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். நொந்தபுரியில் ஒரு டபிள்யூ15 தொடர், 32 பேர். வெயிலில் வரிசையாக ஐந்து ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கினால் 15 புள்ளி. இன்னொருத்தி கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் வென்று உள்ளே நுழைகிறாள். முதல் சுற்றிலேயே தோற்கிறாள். அவளுக்கு 40-ம் 10-ம் சேர்த்து 50. மூன்று வெற்றி, ஒரு தோல்வி, ஐம்பது. ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை, பதினைந்து. அநியாயம் போலத் தெரியும். ஆனால் எதிரே நிற்பவர்களின் தரம் ஒன்றல்ல என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

டபிள்யூ15 பட்டங்களாகவே ஆண்டுக்கு 18 வென்றாலும் மொத்தம் 270 புள்ளிதான். முதல் நூறு பேருக்குள் வர இன்றைய நிலையில் ஏறத்தாழ 700 புள்ளிகளாவது வேண்டும். ஆகவே சிறு ஊர்ச் சந்தையிலேயே இருந்துகொண்டு மேலே போக வழியே இல்லை. ஒரு கட்டத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே பெரிய சந்தைக்குப் போக வேண்டும். தாய்லாந்துப் பெண்களுக்கு அந்தப் பயணத்தின் வழியில் அடிக்கடி வருவது இந்தியா. 2018-இல் இதே மும்பையில் டபிள்யூடிஏ 125 பட்டத்தை வென்றவரும் தாய்லாந்துக்காரர்தான்: லக்சிகா கும்கும். (ஆண்கள் பக்கம் பார்த்தால், 2003-இல் சென்னை ஓபனை வென்ற பரடோர்ன் ஸ்ரீசாபனை நுங்கம்பாக்கத்தில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.)

128 இலைப் பந்தி

நூறாவது இடத்தைச் சுற்றி ஏன் இவ்வளவு பரபரப்பு? 95-க்கும் 115-க்கும் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. ஒரே நாளில் யாரும் யாரையும் வெல்லலாம். வேறுபாடு வாசலில் இருக்கிறது.

கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றை ஒரு கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். 128 இலை. இதில் 104 இலை தரவரிசைப்படி போடப்படுகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் நேரே வந்து உட்காரலாம். இதற்கு நேரடி நுழைவு என்று பெயர். எட்டு இலையைக் கல்யாண வீட்டார் தங்கள் விருப்பப்படி ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு, சில சமயம் காயத்திலிருந்து திரும்பும் பழைய நட்சத்திரத்துக்கு. இது வைல்டு கார்டு. மிச்சம் 16 இலைக்கு வாசலில் 128 பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குள் மூன்று சுற்று மோதி, தோற்காத 16 பேர் உள்ளே வரலாம். இது தகுதிச்சுற்று.

கல்யாண வீட்டாராக இருக்கும் நான்கு நாடுகள் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா. தாய்லாந்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஹுவா ஹின் போன்ற தொடர்கள். பாங்காக்குக்குத் தெற்கே, அரண்மனையும் கடற்கரையுமாக இருக்கிற ஊர் அது. 2019-இல் அங்கே இன்றைய 250-க்கு இணையான டபிள்யூடிஏ தொடர் தொடங்கியபோது உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த வைல்டு கார்டுதான். ரஷ்யாவுக்கோ செக் நாட்டுக்கோ போய் வாசலில் நிற்காமல், சொந்த மண்ணில் பெரிய ஆட்டக்காரர் ஒருவரோடு மோதிப் பார்க்க முடிந்தது.

இலைப் பட்டியல் பந்தியன்று எழுதப்படுவதில்லை. தொடருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பு இருந்த தரவரிசையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அதனால்தான் சில செய்திகள் குழப்பும். "உலகின் 98-ஆவது வீராங்கனை தகுதிச்சுற்றில் ஆடுகிறார்" என்று படித்தால், ஆறு வாரம் முன்பு அவர் 120-ஐ ஒட்டி எங்கோ இருந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஏனென்றால் கதையின் உண்மையான எலும்பு அதுதான். டபிள்யூ15 தொடர் ஒன்றின் மொத்தப் பரிசுப் பணம் 15,000 டாலர். அது பட்டம் வென்றவருக்கு மட்டும் உரியதன்று. ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்குமாகப் பிரியும். 2025 விம்பிள்டனில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 66,000 பவுண்டு. ஒருவர் பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்திலேயே எழுந்து போனாலும், ஓராண்டுக்குப் பயிற்சியாளருக்கும் விமான டிக்கெட்டுக்கும் பெரும்பகுதி தேறிவிடும். வாசலோடு திரும்புகிறவர் அடுத்த வாரச் செலவை எண்ணிக்கொண்டு போகிறார். 95-க்கும் 115-க்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆக, நூறை நெருங்கும் ஒரு தாய்லாந்துப் பெண்ணுக்கு ஒவ்வொரு 15 புள்ளியும், ஒவ்வொரு காலிறுதியும் வாசல் கணக்கு. மும்பையின் 81 ஏன் பெரிது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

பெரிய ஆளை வீழ்த்தினால்?

2014 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு பக்கம், அந்தத் தொடரில் ஆறாம் நிலை (சீட்) தரப்பட்டிருந்த பெட்ரா க்விட்டோவா, முன்னாள் விம்பிள்டன் சாம்பியன். எதிரே உலகின் 88-ஆவது இடத்தில் இருந்த லக்சிகா கும்கும். இரு கையாலும் தட்டையாக அறைகிற, குள்ளமான பெண். 6-2, 1-6, 6-4 என்று லக்சிகா வென்றார்.

அடுத்த நாள் பலர் எதிர்பார்த்தது, அவர் தரவரிசையில் தாவி ஏறிவிடுவார் என்று. அப்படி நடப்பதில்லை. பேரேட்டில் "யாரை வென்றாய்" என்று ஒரு பத்தியே கிடையாது. "எந்தச் சுற்று வரை வந்தாய்" என்பது மட்டும்தான். முதல் சுற்றில் க்விட்டோவாவை வென்றாலும், தகுதிச்சுற்றில் ஏறி வந்த முன்பின் தெரியாத ஒருத்தியை வென்றாலும், அடுத்த ஆட்டத்தில் தோற்றால் கிடைப்பது ஒரே அளவு. இன்றைய அட்டவணையில் அது 70. லக்சிகா அடுத்த சுற்றில் தோற்றார். தன் உச்ச இடமான 66-ஐத் தொட அவருக்கு 2018 ஆனது. அந்த ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பென்சிச்சை வென்று மூன்றாவது சுற்றுக்குப் போயிருந்தார். ஆண்டு முழுக்க அங்கங்கே சேர்த்தும் வைத்திருந்தார். தலைப்புச் செய்தி தந்தது 2014. இடம் தந்தது 2018.

சிறுமியர் பட்டம்

இது சின்ன விஷயம், ஆனால் தவறாகவே பேசப்படுகிறது. 2009-இல் விம்பிள்டன் சிறுமியர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் தாய்லாந்தின் நொப்பவன் லெர்ட்சீவகர்ன். அடுத்த சில ஆண்டுகளில் முதல் பத்துக்குள் வந்துவிடுவார் என்று பேசினார்கள். அவர் முதல் நூறுக்குள்ளேயே வரவில்லை. ஜூனியர் ஆட்டத்துக்குத் தனிப் பேரேடு. பெரியவர்கள் பேரேட்டுக்கு அதிலிருந்து ஒரு புள்ளிகூட மாற்றப்படாது. பதினெட்டு வயதில் கோப்பையோடு வந்தவளுக்கும் அந்தக் கோப்பைக்காகப் பெரியவர்கள் பேரேட்டில் ஏறுவது பூஜ்யம்தான்.

டாமரினின் இரண்டு கோடைகள்

மேலே சொன்னவை எல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, இன்றைய பெண்கள் எல்லாருக்கும் அக்காவான டாமரின் தனசுகர்னிடம் போக வேண்டும். தாய்லாந்தில் நம்மைப் போலவே சொந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். அங்கே அவர் எல்லாருக்கும் டாமி.

2002 மே மாதம் டாமரின் உலகின் 19-ஆவது இடத்தைத் தொட்டார். இன்னொரு தாய்லாந்துப் பெண்ணுக்கு அது இதுவரை கைகூடவில்லை. இதில் ரசமான செய்தி என்னவென்றால், அந்த நாளில் அவர் கையில் ஒரு டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம்கூட இல்லை. முதல் பட்டம் வந்தது அடுத்த ஆண்டு, 2003-இல், நம் ஹைதராபாத்தில். பட்டமே இல்லாமல் எப்படி முதல் இருபதுக்குள்? பேரேடு கோப்பைகளை எண்ணுவதில்லை. விம்பிள்டனில் ஆண்டுதோறும் நான்காவது சுற்று, ஓர் ஊரில் இறுதியாட்டம், இன்னோர் ஊரில் காலிறுதி என்று சிந்தாமல் சேர்த்தார். எறும்பு சேர்த்த மாதிரி.

பிறகு சரிவு. 2008 ஜூனில் முப்பத்தொரு வயதில், நெதர்லாந்தின் ஹெர்டோகன்போஸ் நகரில் புல்தரைத் தொடர். அங்கே அவர் நேரடி நுழைவில் இல்லை. வாசலில் நின்று தகுதிச்சுற்று ஆடினார். அதில் வென்று, பிரதான சுற்றிலும் வென்றுகொண்டே போய், இறுதியில் தினாரா சஃபினாவையும் வென்றார். அந்தச் சஃபினா சில வாரம் முன்புதான் பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டம் ஆடியவர். உடனே விம்பிள்டன். அங்கே நான்காவது சுற்றில் இரண்டாம் நிலை ஆட்டக்காரர் யெலெனா யான்கோவிச்சை வென்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிராண்ட்ஸ்லாம் காலிறுதி. வீனஸ் வில்லியம்ஸிடம் தோற்றார்.

மூன்று வாரத்தில் ஒரு தீபாவளி விற்பனை. ஆகவே 2009 ஜூனில் பெரிய கடன் திரும்ப வந்து நின்றது. டாமரின் அதே ஹெர்டோகன்போஸுக்குப் போனார். அதே பட்டத்தைத் திரும்ப வென்றார். கைதட்ட வேண்டிய சாதனை. ஆனால் பேரேட்டுக் கண்ணால் பாருங்கள்: போன ஆண்டுப் பட்டம் கழிந்தது, இந்த ஆண்டுப் பட்டம் ஏறியது. ஒரு வாரம் முழுக்க வென்று, ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றார். அடுத்து விம்பிள்டன். இந்த முறை காலிறுதி வரை வர முடியவில்லை. அந்தப் புள்ளிகள் போயின. பட்டம் வென்ற சில வாரங்களிலேயே கணக்கு குறைந்தது. அப்போது புள்ளி அளவுகள் இன்றைக்கு இருப்பவை அல்ல. கணக்கு முறை இதேதான்.

இந்த இரண்டு ஜூன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, மனஞ்சயாவைப் பற்றியோ, அவருக்குப் பின்னால் வருகிற லன்லனா தாரருடியைப் பற்றியோ "ஏறினார்", "இறங்கினார்" என்று வரும் ஒற்றை வரிச் செய்தி போதாது. போன ஆண்டு இதே வாரம் என்ன ஆடினார் என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பார்.

"அப்படியானால் முப்பது வயதுக்கு மேலும் ஏறலாமா?" என்று கேட்டான் பையன். 2010 அக்டோபரில் ஒசாகாவில் ஒரு டபிள்யூடிஏ இறுதியாட்டம் நடந்தது. ஒரு பக்கம் 33 வயது டாமரின். மறுபக்கம் ஜப்பானின் கிமிகோ தாத்தே, வயது 40. இருவர் வயதையும் கூட்டச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "எழுபத்து மூன்றா!" என்றான். மூன்று செட் ஆடி டாமரின் வென்றார். அது அவருடைய நான்காவது பட்டம்.